பாட்டுக்கு அர்த்தம் கேட்ட ஹவுஸ் ஓனர்

ஞாயிற்றுக்கிழமை உடற்பயிற்சிக்குப் பாட்டு சேர்த்து ஒரு சிடி போட வேண்டும். வேலை அவ்வளவுதான்.

அந்த சிடியால் குடியிருந்த வீடே கையை விட்டுப் போகப் பார்த்தது.

வீட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மஸ்கட்டிலிருந்து நாங்கள் கடலூருக்குத் திரும்பி வந்தபோது ஊரில் எங்களுக்கு வீடே கிடைக்கவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் என்றதும் வாடகையை ஏற்றினார்கள். மீன் சமைப்போம் என்றதும் கதவைச் சாத்தினார்கள். நாங்கள் கட்டிக்கொண்டிருந்த சொந்த வீடோ, தளம் போடாமல் மேஸ்திரியின் மனநிலையை நம்பி நின்றுகொண்டிருந்தது.

அலைந்து அலைந்து கடைசியில் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீடு அமைந்தது. நல்ல காற்று, நல்ல தண்ணீர், மேலே விசாலமான மொட்டை மாடி. ஓனர் தண்டபாணி சார் சிதம்பரத்துக்காரர். ரிட்டயர்டு ஹெட் கிளார்க். நெற்றி நிறைய விபூதி. மீனைப் பற்றி அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

அவர் போட்ட கண்டிஷன் ஒன்றுதான்.

"குடியிருக்க மட்டுந்தாம்மா. டியூஷன், டெய்லரிங், கூட்டம் கீட்டம் ஒண்ணும் கூடாது. தெருக்காரங்க என்கிட்ட வந்து நிக்கற மாதிரி வெச்சுக்காதீங்க. நின்னாங்கன்னா அந்த மாசமே காலி."

நாங்கள் எதற்குக் கூட்டம் நடத்தப் போகிறோம்? தலையை ஆட்டிவிட்டு வந்தோம்.

பிறகு எனக்கு சுகர் வந்தது. டாக்டர் வேகமாக நடக்கச் சொன்னார். கடற்கரை ரோட்டில் நடந்து பார்த்தேன். ஒரு எட்டு வைப்பதற்குள் தெரிந்த முகம் ஒன்று வழிமறிக்கும். எப்போது வந்தீர்கள், எப்போது திரும்பிப் போகிறீர்கள் என்று கேட்கும். திரும்பிப் போகவில்லை என்றால் முகம் வாடும். நான் போகாததில் அவர்களுக்கு என்ன நஷ்டம் என்று இன்று வரை தெரியவில்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் ஆறுதல் சொல்லிவிட்டு வீடு திரும்ப வெயில் ஏறிவிடும். சுகர் மட்டும் இறங்காது.

ஆகவே மொட்டை மாடி. பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சரும் எதிர் வீட்டு விஜயாவும் சேர்ந்துகொண்டார்கள். ஸ்டெல்லா டீச்சர் கணக்கு டீச்சர். முட்டி வலி. குரல் மட்டும் பின் பெஞ்சைத் தாண்டிப் பக்கத்து வகுப்பு வரை போகும். அதனால் அவரே எங்களுக்கு மாஸ்டர். விஜயா பேங்க்கில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு வியாதி ஒன்றுமில்லை, வீட்டில் மாமியார் இருக்கிறார்.

முதல் வாரம் தமிழ் சினிமாப் பாட்டு போட்டோம். பாட்டு ஆரம்பித்ததும் விஜயா தூக்கின கையை இறக்கிவிட்டாள். அந்தப் படத்தைப் பெரியப்பா பெண் கல்யாணத்துக்கு மறுநாள் போய்ப் பார்த்ததாக ஆரம்பித்தாள். அந்தக் கல்யாணத்தில் யாருக்கு யாரோடு தகராறு என்று முடிப்பதற்குள் கேசட்டில் ஒரு பக்கம் ஓடிவிட்டது. அடுத்த வாரம் பக்திப் பாட்டு. எல்லோரும் கை கூப்பி நின்றுவிட்டோம். அதற்கும் அடுத்த வாரம் வார்த்தையே இல்லாத புல்லாங்குழல். டீச்சர் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

அப்போதுதான் எனக்கு ஞானம் பிறந்தது. உடற்பயிற்சிக்கான பாட்டில் வார்த்தை இருக்க வேண்டும், ஆனால் அது மனசுக்குள் இறங்கக் கூடாது.

அப்படிப்பட்ட பாட்டு என்னிடம் ஓர் அட்டைப்பெட்டி நிறைய இருந்தது. காலேஜ் நாளிலும் பிறகு மஸ்கட்டிலும் சேர்த்து வைத்த இங்கிலீஷ் பாப், ராக் கேசட்டுகள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் உலகமே ஆடிய பாட்டுகள்.

டைனிங் டேபிளைச் சுற்றி நடந்து நடந்து பாட்டுகளைப் பொறுக்கினேன். கால் தாளத்தோடு போனால் பாஸ், போகாவிட்டால் ஃபெயில். தாலாட்டு மாதிரி ஆரம்பித்துத் திடீரென்று இடி இடிக்கிற பாட்டையெல்லாம் நீக்கினேன், டீச்சருக்கு பிபி இருக்கிறது. நடுவில் கிடாரை வைத்துக்கொண்டு ஒருத்தன் வெகுநேரம் தனியாகப் புலம்புகிற பாட்டையும் நீக்கினேன், அந்த நேரத்தில் நாங்கள் கையை எங்கே வைத்துக்கொள்வது?

என் கணவர் பேப்பரை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"இந்தாளு என்னாதான் பாடறான்?"

"தெரியல. பீட் நல்லா இருக்கு."

"உனக்கா தெரியல? ரெண்டு மொழியும் தண்ணி பட்ட பாடுன்னு சொல்லித்தான் உன்னை என் தலைல கட்டினாங்க."

அவர் சொல்வதும் வாஸ்தவம். எட்டாவது வரை தமிழ் மீடியம், அப்புறம் கான்வென்ட். இரண்டிலும் பிழையில்லாமல் எழுதுவேன். ஆனால் இத்தனை வருஷமாகக் கேட்டு வந்த இந்தப் பாட்டுகளில் ஒன்றுக்குக்கூட நான் அர்த்தம் யோசித்ததில்லை. எனக்கு அவை மழைச் சத்தம் மாதிரி. மழை என்ன சொல்கிறது என்று யார் கேட்கிறார்கள்?

முதுநகரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்து, தேறிய பாட்டையெல்லாம் ஒரே சிடியில் ஏற்றி வாங்கி வந்தேன்.

அந்த சிடி பிரமாதமாக வேலை செய்தது. யாரும் கதை பேசவில்லை, யாரும் கை கூப்பவில்லை. வேர்த்துக் கொட்டியது. சில வாரங்களில் எனக்கு சுகர் இறங்கியது. ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் ஆச்சரியப்பட்டார்.

இப்போது நீங்கள் கொஞ்சம் தெருவில் போய் நின்று எங்கள் மாடியைப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கிடாரும் டிரம்ஸும் முழங்க இங்கிலீஷ் பாட்டு. பொம்பளைகள் இரண்டு கையையும் வானத்தைப் பார்த்துத் தூக்கி அசைக்கிறார்கள். கை தட்டுகிறார்கள். குதிக்கிறார்கள். அப்புறம் முட்டி போடுகிறார்கள், கண்ணை மூடுகிறார்கள். நடுவில் நிற்கும் ஸ்டெல்லா டீச்சர் தெருவே கேட்கிற மாதிரி சொல்கிறார்: "வெளிய விடுங்க. உள்ள இருக்கறது எல்லாத்தையும் வெளிய விடுங்க. இன்னும். இன்னும் இருக்கு."

அவர் சொன்னது மூச்சை.

தெரு அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்கு அது அப்போது தெரியாது. அடுத்த தெரு லட்சுமி அக்கா கேட்டில் நின்று, இங்கே யார் வேண்டுமானாலும் வரலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டபோதும் உறைக்கவில்லை. தாராளமாக வாருங்கள் என்றேன். பணம் ஏதாவது கொடுக்கணுமா என்றார். ஒரு பைசா வேண்டாம் என்றேன். பலன் தெரிகிறதா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். எனக்கு சுகர் இறங்கிவிட்டது, டாக்டரே அசந்துவிட்டார் என்று சொன்னேன். லட்சுமி அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. சுகருக்குப் போய் இவ்வளவு உருகுகிறாரே, எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

மறு வாரம் ஒரு சின்ன பாட்டிலில் தேங்காய் எண்ணெய் கொண்டு வந்து என் கையில் பயபக்தியோடு கொடுத்தார். நாங்கள் மூன்று பேரும் அதை முட்டியில் நன்றாகத் தேய்த்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அவர் அதை முந்தானையில் மூடிப் பத்திரமாக எடுத்துக்கொண்டு போனார்.

அதற்கு அடுத்த நாள் சிதம்பரத்திலிருந்து போன்.

தண்டபாணி சார் நலம் விசாரிக்கவில்லை. "என் வீட்டு மாடில ஜெபக்கூட்டம் நடத்தறீங்களாமே" என்றார். நான் சிரித்துவிட்டேன். அது பெரிய தப்பு. தெருக்காரர்கள் வரிசையாகப் போன் பண்ணியிருக்கிறார்கள், வியாதி குணமாகிறது என்று நானே சொல்லியிருக்கிறேன், எண்ணெய் ஓதிக் கொடுக்கிறேன், எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. எந்தச் சாமியானாலும் தனக்குச் சம்மதம்தான், ஆனால் கூட்டம் கூடாது என்று முதலிலேயே சொன்னது சொன்னதுதான் என்றார். ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறாராம். கண்ணால் பார்த்துவிட்டால் அந்த மாசமே காலி.

ஸ்டெல்லா டீச்சரிடம் ஓடினேன். அவர் என்னைவிட நொந்துபோயிருந்தார்.

"எங்க சர்ச்சுலயே கேக்கறாங்க ரேவதி. டீச்சர், நீங்க தனியா புதுசா ஒரு சபை ஆரம்பிச்சுட்டீங்களாமேன்னு. பாஸ்டர் முகம் குடுத்துப் பேசமாட்டேங்கறாரு."

ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிறுத்திவிடலாமா என்று யோசித்தோம். நிறுத்தினால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்றார் என் கணவர். சொல்லிவிட்டுத் தளம் எப்போது போடுவார் என்று மேஸ்திரிக்குப் போன் போட்டார். மேஸ்திரி எடுக்கவில்லை.

ஞாயிறு காலை தண்டபாணி சார் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். கூடவே அவர் மனைவி, கையில் வயர் கூடையோடு. அப்படியே முதுநகரில் மீன் வாங்கிப் போகலாம் என்று வந்தாராம். இரண்டு வருஷமாக ஜன்னலைச் சாத்திக்கொண்டு மீன் வறுத்தவள் நான்.

இருவரும் மாடிக்கு வந்து தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றார்கள். தெருவில் ஒவ்வொரு கேட்டிலும் ஒரு தலை.

நாங்கள் வழக்கம்போல் செய்து காட்டினோம். கையைத் தூக்கினோம், குதித்தோம், முட்டி போட்டோம். டீச்சர் "வெளிய விடுங்க" என்பதை அன்றைக்கு மட்டும் காதோடு காதாகச் சொன்னார். அது இன்னும் சந்தேகமாகத்தான் இருந்தது.

"எக்ஸர்சைஸ் சார்" என்றேன், மூச்சு வாங்க.

"ஜெபக்கூட்டத்துலயும் இதேதாம்மா பண்றாங்க" என்றார் அவர்.

"சார், எங்க சர்ச்சுல இப்படியெல்லாம் குதிச்சா வெளிய அனுப்பிடுவாங்க" என்றார் ஸ்டெல்லா டீச்சர்.

"நீங்க பேசாதீங்க டீச்சர். நீங்கதான் நடத்தறதே."

கொஞ்சம் யோசித்தார். ஹெட் கிளார்க் மூளை. ஆதாரம் இல்லாமல் எதையும் தள்ளவும் மாட்டார், ஏற்கவும் மாட்டார். பாட்டில் சொர்க்கம் என்று இங்கிலீஷில் வந்தது அவர் காதில் விழுந்திருக்கிறது.

"பாட்டைப் போடு. நிறுத்தி நிறுத்தி, வரிக்கு வரி தமிழ்ல அர்த்தம் சொல்லு. சாமி பாட்டா இல்லியான்னு நான் முடிவு பண்ணிக்கறேன். நீ படிச்ச பொண்ணு, பொய் சொல்லமாட்ட."

அப்பாடா என்று இருந்தது. இவ்வளவுதானே? எனக்கென்ன இங்கிலீஷ் தெரியாதா, தமிழ் தெரியாதா?

முதல் பாட்டைப் போட்டேன்.

"'என் தேவதையே... உன் முன்னால முழங்கால்ல நிக்கறேன்... என்னைக் கைவிட்டுடாத... நீ இல்லாம நான் ஒண்ணுமே இல்ல...'"

சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே ஜெபம் மாதிரி கேட்டது. விஜயா என்னைப் புதுசாகப் பார்த்தாள்.

"சார், இது காதல் பாட்டு. ஒருத்தன் ஒரு பொண்ணைப் பாத்துப் பாடறான்."

"பொண்ணு பேரு வருதா?"

"வரல."

"அப்புறம்? சிதம்பரத்துல பொறந்து வளந்தவன்கிட்ட சொல்றியே. நம்ம பக்திப் பாட்டும் இப்படித்தாம்மா. மேலுக்குக் காதல், உள்ள சாமி. எனக்கா தெரியாது?"

அடுத்த பாட்டில் ஒருத்தன் இருட்டில் வழி தெரியாமல் நின்று உன் வெளிச்சத்தைக் காட்டு என்றான். அதற்கடுத்த பாட்டில் இன்னொருத்தன் என் பாவமெல்லாம் தெரிந்தும் நீ என்னை ஏற்றுக்கொண்டாய் என்றான். இத்தனை வருஷம் சும்மா கிடந்த ஆசாமிகள் எல்லாம் அன்றைக்குப் பார்த்து பக்திமான்களாகிவிட்டார்கள். காதலையெல்லாம் பக்தியாகப் படித்தே பழகின ஊர்க்காரரிடம் நான் என்ன வாதாட முடியும்?

சாமியாக இருக்கவே முடியாத ஒரு பாட்டு வேண்டும். இல்லாவிட்டால் வீடு போச்சு.

சிடியிலேயே வேகமான பாட்டைப் போட்டேன். நாங்கள் குதிப்பதற்கென்று வைத்திருந்தது. வரிக்கு அர்த்தம் என்ன என்று அதுவரை யோசித்ததில்லை.

"'ராத்திரி ஆயிடுச்சு... இறங்கி வா...'"

"மேலேருந்து பூமிக்கா?" என்றார் தண்டபாணி சார்.

"இல்ல சார். மாடிலேருந்து தெருவுக்கு."

"ம். மேல சொல்லு."

"'செருப்பைக் கழட்டிக்க...'"

அவர் கண் மின்னியது. "பாத்தியா? எதுக்குச் செருப்பைக் கழட்டணும்?"

"சத்தம் கேக்கக் கூடாதுன்னு சார். 'அப்பாவுக்குத் தெரிய வேணாம்...'"

"அப்பான்னா? மேல இருக்கறவரா?"

"பக்கத்து ரூம்ல தூங்கறவரு சார்."

தண்டபாணி சார் முதல் தடவையாகத் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். ஜெயிக்க ஆரம்பித்துவிட்டேன் என்று தெரிந்தது. அந்தத் தெம்பில் அடுத்த வரியைப் போட்டேன்.

"'தெருக்கோடில கார் நிக்குது... பின் சீட்டுல இடம் ஜாஸ்தி...'"

ஸ்டெல்லா டீச்சருக்கு இருமல் வந்தது. விஜயா காக்கா பார்க்க ஆரம்பித்தாள்.

அதற்கடுத்த வரி வந்தது. நான் பட்டனை அழுத்தி நிறுத்தினேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த வரிக்கு நான் கல்யாணத்துக்கு முன்னாலிருந்து வாயசைத்திருக்கிறேன். என் அப்பா முன்னாலேயே பாடியிருக்கிறேன். இங்கிலீஷில் இருந்தவரைக்கும் அது என்னை ஒன்றுமே செய்ததில்லை. தமிழில் நாக்கு நுனிக்கு வந்ததும் காது வரை சுட்டது. வெட்கமெல்லாம் எனக்குத் தமிழ் மீடியத்திலேயே முடிந்துவிட்டது போலிருக்கிறது, கான்வென்டில் அந்தப் பாடமே நடத்தவில்லை.

தினமும் அந்த நேரத்துக்குத் தவறாமல் கரண்ட் போகும். அன்றைக்குப் போகவில்லை.

"சொல்லும்மா."

"சார், அது வந்து... அவ்வளவு முக்கியமான வரி இல்ல."

"அப்ப அதுலதான் சாமி வருது."

கீழே தெரு பார்த்துக்கொண்டிருக்கிறது. கட்டுகிற வீட்டுக்குத் தளம் இல்லை. வேறு வீடும் கிடைக்காது. தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி, ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அதை இங்கே எழுதப் போவதில்லை.

தண்டபாணி சார் துண்டால் நெற்றியைத் துடைத்தார், விபூதியும் சேர்ந்து வந்துவிட்டது.

"இன்னும் ரெண்டு வரி இருக்கு சார்" என்றேன். இனிமேல் என்ன?

"வேணாம்மா. போதும்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "இது ஜெபக்கூட்டம் இல்ல."

"இல்ல சார்."

"ஜெபக்கூட்டமாவே இருந்திருக்கலாம்."

கீழே இறங்கினார். நாங்களும் பின்னாலேயே போனோம். கேட்டருகில் தெருவே கூடியிருந்தது. லட்சுமி அக்கா முன்வரிசையில். விசாரித்துவிட்டீர்களா, என்ன நடக்கிறது மேலே என்று ஒருவர் கேட்டார்.

தண்டபாணி சார் என்னைப் பார்த்தார். அவர்களைப் பார்த்தார். தன் வீட்டை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். உள்ளதைச் சொன்னால் அந்த வீட்டுக்கு என்ன பேர் வரும் என்று அவர் முகத்தில் கணக்கு ஓடியது.

"விசாரிச்சேன். ஜெபந்தான்" என்றார் உரக்க. "நல்ல குடும்பத்துப் பொம்பளைங்க, மரியாதையா ஏதோ பண்றாங்க. எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. இனிமே இதுக்காக யாரும் எனக்குப் போன் பண்ண வேணாம்."

பிறகு என் பக்கம் திரும்பி, தெருவில் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று மெதுவாகக் கேட்டார். பேங்க்கில் வேலை பார்க்கிறவர்கள் சிலர் இருக்கிறார்கள் என்றேன். அப்படியானால் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார்.

வீடு தப்பியது. என் கணவர் உள்ளே போய் நிம்மதியாகப் பேப்பரை விரித்தார். ஸ்டெல்லா டீச்சர், பாஸ்டரிடம் இனி என்ன சொல்வது என்று தெரியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தண்டபாணி சார் ஆட்டோவைக் கூப்பிடத் தெருமுனைக்கு நடந்தார். அவர் மனைவி மட்டும் பின்தங்கி, செருப்பைத் தேடுகிற மாதிரி என் பக்கத்தில் வந்து நின்றார். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவர்.

"ஏம்மா" என்றார், குரலே வராமல். "கடைசில அந்த அப்பா முழிச்சுக்கிட்டாரா?"

அந்தப் பாட்டின் முடிவு எனக்கும் தெரியாது. மேலே ஓடிப்போய்க் கேட்டுவிட்டு வரவும் நேரமில்லை.

"இல்லம்மா. நல்லா தூங்கறாரு."

"நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு, வயர் கூடையை எடுத்துக்கொண்டு ஆட்டோவுக்கு நடந்தார்.